பழைய வீட்டுக் கணினிகளுக்குப் புதிய கீபோர்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக?

கொமோடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், அட்டாரி 800எக்ஸ்எல், அமிகா 500, பிபிசி மைக்ரோ, ஆப்பிள் டூ போன்ற கணினிகளை இன்னும் மேசையில் வைத்துப் பயன்படுத்துகிறவர்களுக்காக. பெரும்பாலும் இவை 1977-க்கும் 1992-க்கும் இடையில் வெளியானவை. இவற்றில் பலவற்றில் கணினியும் கீபோர்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதனால் கீபோர்டு போனால் வேறொன்றை வாங்கிப் பக்கத்தில் செருகிவிட்டுப் போக முடியாது. சிலர் சிப்புகளைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள், கீபோர்டை ஏதோ உதிரி பாகம் போலப் பார்ப்பார்கள். எனக்கு அது சம்மதமில்லை. அந்தக் கணினியில் நம் கை படுகிற ஒரே இடம் அதுதான்.

சில விசைகள் வேலை செய்யவில்லை. உடனே புதிய கீபோர்டு வாங்கிவிடலாமா?

வேண்டாம். முதலில் எந்தெந்த விசைகள் செத்திருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாதி நோயை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

இந்தக் கணினிகளில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும், அவை சந்திக்கிற ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு விசை இருக்கும். கொமோடோர் 64-இல் 8 குறுக்கு, 8 நெடுக்கு, ஆக 64 சந்திப்புகள். ஒரு கோடு அறுந்தால் அதில் உள்ள எட்டு விசைகளும் சேர்ந்தே போகும். உதாரணமாக டெலீட், ரிட்டர்ன், இரண்டு கர்சர் விசைகள், எஃப்1, எஃப்3, எஃப்5, எஃப்7 ஆகிய எட்டும் ஒரே நேரத்தில் செத்தால் எட்டு ஸ்விட்ச்சும் கெட்டுவிட்டன என்று அர்த்தமில்லை. அவை எட்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. கனெக்டரில் ஒரு முள் சரியாகத் தொடாமல் இருக்கலாம், ஒரு சாலிடர் விட்டிருக்கலாம், அல்லது கீபோர்டைப் படிக்கிற 6526 சிப்பின் ஒரு கால் போயிருக்கலாம். சிப் போயிருந்தால் எவ்வளவு நல்ல புதிய கீபோர்டை மாட்டினாலும் அதே எட்டு விசைகள் செத்தேதான் இருக்கும்.

தொடர்பில்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விசைகள் மக்கர் செய்தால் அது அழுக்கு. கொமோடோர் 64 கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் கார்பன் கலந்த ஒரு கறுப்பு ரப்பர் முனை உண்டு. அது பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை, மேல் உள்ள தடங்களை அழுத்தி இணைக்கிறது. வருடங்கள் போகப்போக அதன் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்துவிடும்.

என் கணினியில் காற்புள்ளி விசையை நாலு முறை குத்தினால்தான் ஒரு தடவை விழும். புதிய கீபோர்டுக்குப் பணம் கட்டிய பிறகுதான் பழையதைத் திறந்து பார்க்கத் தோன்றியது. பின்பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட சின்னத் திருகுகள். ஷிஃப்ட் லாக்குக்குப் போகும் இரண்டு கம்பிகளை முதலில் சாலிடர் நீக்கி எடுத்தால்தான் பிசிபி கழன்று வரும். அதைச் செய்யாமல் இழுத்தால் தடம் பிய்ந்துகொண்டு வந்துவிடும். எடுத்ததும் பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ரப்பர் முனையைத் துடைத்தேன். பஞ்சு சாம்பல் நிறமானது. மாட்டிப் பார்த்தால் காற்புள்ளி முதல் தடவையிலேயே விழுந்தது. அந்தக் கீபோர்டு இன்றும் ஓடுகிறது.

ஸ்பெக்ட்ரமில் வரிசையாக ஐந்து விசைகள் போய்விட்டன. இதுவும் அழுக்குதானா?

இல்லை, அது மெம்பிரேன். 1982-இல் வந்த ரப்பர் விசை ஸ்பெக்ட்ரமில் 40 விசைகள், 8 கோடுகளும் 5 கோடுகளுமாகப் பிரிந்திருக்கும். ரப்பர் பாயின் அடியில் மின்சாரம் கடத்தும் மசியால் கோடு போட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று உண்டு, அதுதான் மெம்பிரேன். அதிலிருந்து 8 கோட்டு வால் ஒன்றும் 5 கோட்டு வால் ஒன்றும் கிளம்பி மதர்போர்டில் போய்ச் செருகும். அந்த வால்கள் காலப்போக்கில் காய்ந்த ஓலை மாதிரி ஆகிவிடும். பெட்டியைத் திறந்து மூடும்போது மடங்குகிற இடத்தில் படக்கென்று முறியும்.

எந்த வாலில் கோளாறு என்று விசைகளை வைத்தே சொல்லலாம். ஒரு வரிசையின் பாதி, அதாவது 1 முதல் 5 வரை மட்டும் போனால் 8 கோட்டு வாலில் ஒரு கோடு போயிருக்கிறது. இரண்டு ஓரங்களிலும் உள்ள எட்டு விசைகள் (1, க்யூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட், 0, பி, என்டர், ஸ்பேஸ்) மொத்தமாகப் போனால் 5 கோட்டு வாலில் ஒரு கோடு.

கனெக்டருக்குள் போகும் முனை மட்டும் முறிந்திருந்தால் சில மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகிப் பார்க்கலாம். ஆனால் அது தற்காலிக வைத்தியம். ஸ்பெக்ட்ரமுக்கு மட்டும் நான் தயங்காமல் புதிய மெம்பிரேன் வாங்கச் சொல்வேன். இப்போது புதிதாகத் தயாரித்தே விற்கிறார்கள், மாற்றுவதும் சுலபம். ரப்பர் பாய் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், அதை மாற்றாதீர்கள். 1984-இல் வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ்ஸிலும் சின்கிளேர் க்யூஎல்லிலும் பிளாஸ்டிக் விசைகள் இருந்தாலும் அடியில் மெம்பிரேன்தான். அவற்றுக்கும் இதே கதி, இதே தீர்வு.

ஒரே புதிய கீபோர்டு எல்லாக் கணினிக்கும் பொருந்துமா?

பொருந்தாது. அளவு மட்டும் பிரச்சினை இல்லை. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்கிற முறையே ஒவ்வொன்றிலும் வேறு.

கொமோடோர் 64, ஸ்பெக்ட்ரம், எம்எஸ்எக்ஸ் வகைகளில் கீபோர்டுக்கு மூளை கிடையாது. வெறும் ஸ்விட்ச்சுகளும் கம்பிகளும்தான், கணினியே கோடு கோடாகப் படித்துக்கொள்ளும். இவற்றுக்குப் புதிய கீபோர்டு செய்வது எளிது. விஐசி-20-யும் கொமோடோர் 64-உம் ஒன்றின் கீபோர்டை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும் என்பது கூடுதல் சௌகரியம்.

அமிகா 500 வேறு ஜாதி. 1987-இல் வந்த அதன் கீபோர்டுக்குள்ளேயே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது சிறு கணினிச் சிப், உண்டு. விசைகளை அதுவே படித்து, ஒரு கடிகாரக் கோடு, ஒரு தரவுக் கோடு என இரண்டே கோடுகளில் கணினிக்கு அனுப்பிவிடும். அதனால் அமிகா 500-க்கான புதிய கீபோர்டு என்றால் அதற்குள் ஒரு நிரலும் வேண்டும். பவர் விளக்கும் டிஸ்க் விளக்கும்கூட அந்தக் கீபோர்டில்தான் இருக்கின்றன. வாங்கும்போது இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமிகா 1200-இல் அந்தக் கன்ட்ரோலர் மதர்போர்டுக்கு இடம் மாறிவிட்டது. கீபோர்டிலிருந்து மெம்பிரேன் ரிப்பன் மட்டும் வரும். பெயரில் இரண்டும் அமிகா, ஆனால் ஒன்றின் கீபோர்டு மற்றொன்றுக்கு உதவாது.

1977-இல் வந்த முதல் ஆப்பிள் டூவில் கீபோர்டு எழுத்துக்கான 7 பிட் ஆஸ்கி எண்ணையே நேராகத் தரும், கூடவே 'எழுத்து வந்துவிட்டது' என்று ஒரு துடிப்பு. இதன் கனெக்டரில் மைனஸ் 12 வோல்ட் வரும் முள் ஒன்று இருக்கிறது. விசையை எழுத்தாக மாற்றுகிற பழைய என்கோடர் சிப்புக்குத் தேவைப்பட்டது அது. மைக்ரோகன்ட்ரோலர் வைத்து மாற்றுக் கீபோர்டு செய்கிறவர்கள் அந்த முள்ளைத் தொடவே கூடாது.

அட்டாரி 8 பிட் வகைகளில் ஒலி எழுப்புகிற போக்கி சிப்பே விசைகளையும் படிக்கிறது. ஆனால் ஸ்டார்ட், செலக்ட், ஆப்ஷன் மூன்றும் அந்த வழியில் போகாமல் ஜிடிஐஏ சிப்புக்குப் போகின்றன. பிபிசி மைக்ரோவில் கீபோர்டு பலகையிலேயே விசைகளைச் சுற்றிப் பார்க்கும் கவுன்டர் சுற்று இருக்கிறது. பிரேக் விசை நேராக ரீசெட் கோட்டில் போய்ச் சேர்கிறது.

ஒவ்வொரு விசைக்கும் டயோடு உள்ள கீபோர்டுதானே நல்லது?

நவீனக் கீபோர்டுகளுக்கு அது சரி. குறுக்கு நெடுக்குக் கோடுகளில் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலை விசைகளை ஒன்றாக அழுத்தினால், தொடாத நாலாவது மூலை விசையும் அழுத்தப்பட்டதாகக் கணினிக்குத் தோன்றும். டயோடு மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுவதால் இந்தப் பொய் எழுத்து வராது.

ஆனால் கொமோடோர் 64-க்கு இதையே செய்தால் வம்பு. அதன் 6526 சிப்பின் இரண்டு போர்ட்டுகளையும் எந்தப் பக்கமாகவும் ஓட்டலாம். வழக்கமாக ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். சில நிரல்கள் இதைத் திருப்பிப்போட்டுப் படிக்கும். டயோடு இருந்தால் அந்த நிரல்களுக்குக் கீபோர்டே இல்லாதது போலிருக்கும். நிலைமை தெரிந்து வடிவமைக்கிறவர்கள் டயோடு போடாமல்தான் விடுகிறார்கள், அது கஞ்சத்தனம் அல்ல.

ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் திரையில் எழுத்து விழுகிறது. புதிய கீபோர்டின் கோளாறா?

கோளாறே இல்லை. கொமோடோர் 64-இன் ஜாய்ஸ்டிக் போர்ட்டுகள் கீபோர்டின் அதே கோடுகளைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. முதல் போர்ட்டில் மேலே தள்ளினால் 1, வலப்பக்கம் தள்ளினால் 2, பட்டனை அழுத்தினால் ஸ்பேஸ் விழும். இடப்பக்கம் தள்ளினால் கன்ட்ரோல் அழுத்தியது போலாகி, திரையில் நிரலின் வரிகள் (லிஸ்ட்) ஓடுவது மெதுவாகும். பழைய கீபோர்டிலும் அப்படித்தான் இருந்தது.

இதேபோல டிஐ-99/4ஏ கணினியில் ஆல்ஃபா லாக் (பெரிய எழுத்துப் பூட்டு விசை) அழுந்திய நிலையில் இருந்தால் ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளுவது வேலை செய்யாது. மூலக் கணினியின் இயல்பு அது. புதிய கீபோர்டைத் திருப்பி அனுப்பும் முன் ஆல்ஃபா லாக்கை ஒருமுறை விடுவித்துப் பாருங்கள்.

கையில் இருக்கும் யுஎஸ்பி கீபோர்டையே இணைக்க முடியாதா?

முடியும். நடுவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் யுஎஸ்பி அல்லது பிஎஸ்/2 கீபோர்டைப் படிக்கும். அது எம்டி8808 மாதிரியான ஒரு சிப்புக்குக் கட்டளை கொடுக்கும். அந்தச் சிப்புக்குள் 8-க்கு 8 அனலாக் ஸ்விட்ச்சுகள் இருக்கின்றன, விரலுக்குப் பதில் அவை குறுக்குக் கோட்டையும் நெடுக்குக் கோட்டையும் இணைக்கும். இரு பக்கமும் மின்சாரம் போகும் என்பதால் திருப்பிப்போட்டுப் படிக்கும் நிரல்களும் ஏமாறாது. கணினிக்கு நிஜ விசை அழுத்தியது போலவே தெரியும்.

பழுது பார்க்கிற மேசைக்கு இது அருமையான ஏற்பாடு. தினசரி உபயோகத்துக்கு எனக்கு ஒட்டவில்லை. ரன்/ஸ்டாப் எங்கே, கொமோடோர் விசை எங்கே என்று ஒவ்வொரு தடவையும் மனப்பாடத்திலிருந்து தேட வேண்டும். ஸ்பெக்ட்ரமில் இன்னும் கஷ்டம். அங்கே ஜே விசையை ஒருமுறை அழுத்தினால் லோட் என்ற முழுச் சொல்லும் விழும். அது அச்சிடப்படாத கீபோர்டில் புதியவர் ஒருவரை உட்காரவைத்தால் பாவம், திண்டாடிவிடுவார்.

கன்ட்ரோலர் 3.3 வோல்ட் ரகமா என்றும் பாருங்கள். பழைய கணினிகள் 5 வோல்ட். நடுவில் மின்னழுத்த மாற்றி இல்லாமல் நேராக இணைத்த அடாப்டர்களை நம்பாதீர்கள்.

எந்த ஸ்விட்ச் நல்லது?

இப்போது வரும் மாற்றுக் கீபோர்டுகளில் பல, செர்ரி எம்எக்ஸ் வகையையோ அதே வடிவத்தில் மற்றவர்கள் செய்வதையோதான் பயன்படுத்துகின்றன. மேலே கூட்டல் குறி போன்ற தண்டு இருக்கும். மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், சுமார் 2 மில்லிமீட்டரிலேயே தொடர்பு ஏற்பட்டுவிடும். சிவப்பு நேராக இறங்கும், சுமார் 45 கிராம் அழுத்தம் போதும். கறுப்பும் நேர்தான், 60 கிராம். பழுப்பில் வழியில் சின்னத் தடங்கல் ஒன்று விரலுக்குத் தெரியும். நீலம் சொடக்குப் போடும்.

கொமோடோர் 64-இன் மூல விசைகளில் ஸ்பிரிங் உண்டு, சொடக்கு கிடையாது. அந்த உணர்வுக்குக் கிட்டத்தில் வருவது நேராக இறங்கும் ரகம். விளையாட்டுக்கும் அதுவே சௌகரியம். நீலத்தை முதல் வாரம் ரசிப்பீர்கள். அப்புறம் வீட்டில் மற்றவர்கள் ரசிக்க மாட்டார்கள்.

கீகேப் விஷயத்தில் ஏன் இவ்வளவு பேச்சு?

ஏனென்றால் செலவும் சிரமமும் அங்கேதான். ஸ்விட்ச் எந்தக் கீபோர்டுக்கும் ஒன்றே. கீகேப், அதாவது விசையின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூடி, அப்படி இல்லை.

கொமோடோர் 64-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து விசைகளின் மேல்பக்கம் எழுத்து இருக்கும். முன்பக்கச் சரிவில் இரண்டு கோட்டுச் சித்திரக் குறிகள் இருக்கும். அவற்றை வைத்துத்தான் அன்றைக்குத் திரையில் படம் வரைந்தார்கள். சாதாரண கீகேப் செட்டில் முன்பக்கம் வெறுமையாக இருக்கும். குறிகள் இல்லாத கொமோடோர் கீபோர்டு என்னைப் பொறுத்தவரை பாதிக் கீபோர்டுதான்.

அளவும் ஒத்துப்போகாது. ஒரு சாதாரண விசையின் இடம் 19.05 மில்லிமீட்டர், அதை ஒரு அலகு என்பார்கள். நவீனக் கீபோர்டில் ஸ்பேஸ் பட்டை பெரும்பாலும் 6.25 அலகு, கொமோடோர் 64-இல் 9 அலகு. ஆகவே கடையில் கிடைக்கும் செட்டில் அது இருக்கவே இருக்காது. வாங்குவதற்கு முன் ஸ்பேஸ் பட்டையும் எஃப் விசைகளும் சேர்த்துத்தான் தருகிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்று வழிகள் உண்டு. பழைய கீகேப்பையே கழற்றி, 3டி அச்சில் செய்த சிறு அடாப்டர் மூலம் எம்எக்ஸ் தண்டில் உட்காரவைப்பது ஒன்று. பார்க்க அச்சு அசல் பழசு போலவே இருக்கும், ஆனால் ஓரிரண்டு லேசாக ஆடும். இரண்டாவது, அந்தக் கணினிக்கென்றே புதிதாக அச்சில் வார்த்த செட். இதுதான் சிறந்தது, விலையும் அதிகம். மூன்றாவது, வெறும் கீகேப்பில் யூவி (புறஊதா ஒளி) அச்சு. அதைத் தடவிப் பார்த்தால் எழுத்து லேசாக மேடாகத் தெரியும், நாளாவட்டத்தில் தேயவும் கூடும். இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்த எழுத்து தேயவே தேயாது.

பழைய கீகேப்பைப் பிடுங்கும்போது கம்பிக் கீகேப் புல்லரால் இரண்டு பக்கமும் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஒரு பக்கம் நெம்பினால் தண்டு ஒடியும். கொமோடோர் கீபோர்டில் கீகேப்புக்கு அடியிலேயே ஸ்பிரிங் இருக்கிறது, வேகமாகப் பிடுங்கினால் எங்காவது பறந்துவிடும்.

மஞ்சளாகிப்போன கீகேப்பை வெள்ளையாக்கலாமா?

ஹைட்ரஜன் பெராக்சைடும் புறஊதா ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் குறையும். ஆனால் மறுபடி வரக்கூடும், அதிக நேரம் விட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

ஷிஃப்ட் லாக், ரெஸ்டோர் விசைகளில் என்ன விசேஷம்?

கொமோடோர் 64-இல் 66 விசைகள், சந்திப்புகளோ 64. மீதி இரண்டும் இவைதான். ஷிஃப்ட் லாக் தனி விசையே இல்லை, இடது ஷிஃப்ட்டோடு இணையாக இணைத்த, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் ஸ்விட்ச். புதிய கீபோர்டில் பூட்டும் ஸ்விட்ச் வைத்திருக்கிறார்களா, அல்லது சாதாரண ஸ்விட்ச்சும் சிறு சுற்றும் வைத்து அதேபோல் நடிக்கவைக்கிறார்களா என்று பாருங்கள். எனக்கு நிஜமாகப் பூட்டுவதுதான் பிடிக்கும். விசை தாழ்ந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ரெஸ்டோர் தனிக் கோட்டில் போய், செயலி தட்டிக்கழிக்க முடியாத குறுக்கீட்டைக் கிளப்புகிறது. பழைய கணினிகள் சிலவற்றில் அதைச் சுரீரென்று தட்டினால்தான் வேலை செய்யும். அது மதர்போர்டுச் சுற்றின் குணம், கீபோர்டை மாற்றியும் மாறாமல் போகலாம்.

பெட்டியை வெட்ட வேண்டியிருக்குமா?

வெட்ட வேண்டிய கீபோர்டை வாங்காதீர்கள். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. கீபோர்டு இன்னும் பத்து வருடம் கழித்தும் யாராவது செய்வார்கள். அந்தப் பெட்டியின் பழைய வார்ப்பு திரும்பக் கிடைப்பது அபூர்வம். நல்ல வடிவமைப்பு பழைய திருகுத் துளைகளிலேயே உட்காரும்.

கொமோடோர் 64-இல் முதலில் வந்த பருத்த பெட்டிக்கும் பிறகு வந்த மெலிந்த பெட்டிக்கும் பொருத்தும் பிராக்கெட் வேறு வேறு, ஆர்டரில் எது என்று குறிப்பிடுங்கள். ஸ்பெக்ட்ரமின் ரப்பர் விசைப் பெட்டியில் முழு உயர எம்எக்ஸ் ஸ்விட்ச்சுக்கு இடமே இல்லை. உயரம் குறைந்த ரகம் வேண்டும், அல்லது வேறு பெட்டிக்கு மாற வேண்டும்.

மாட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஆரம்பியுங்கள். கொமோடோர் 64-இன் மேல்மூடியைத் தூக்கும்போது வேகமாகத் திறக்காதீர்கள். கீபோர்டு கம்பியும் பவர் விளக்கின் கம்பியும் மூடியோடு சேர்ந்து வரும்.

கீபோர்டு கனெக்டரில் 20 இடங்கள். இரண்டாவது இடத்தில் முள் இருக்காது, தலைகீழாக மாட்டிவிடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. சில மாற்றுக் கம்பிகளில் அந்தத் துளையை அடைக்காமல் விட்டிருப்பார்கள், அப்போது எப்படிச் செருகினாலும் உள்ளே போகும். நாலாவது முள்ளில் 5 வோல்ட் இருக்கிறது. கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்து, புதியதை அதோடு ஒப்பிட்ட பிறகு செருகுங்கள்.

மூடியை மூடாமலே ஒருமுறை ஆன் செய்து எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள். ஷிஃப்ட் இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள். கணினிக்கு அவை வேறு வேறு விசைகள்.

கழற்றிய பழைய கீபோர்டை என்ன செய்வது?

தூக்கிப்போடாதீர்கள். கீகேப், ஸ்பிரிங், ரப்பர் முனை, ஷிஃப்ட் லாக் ஸ்விட்ச் எல்லாமே இன்னொரு கீபோர்டைப் பிழைக்கவைக்கும். திருகுகளை ஒரு சின்னப் பையில் போட்டு, எந்தக் கணினியுடையது என்று எழுதி, அதனுடனே கட்டி வையுங்கள். கணினியை யாருக்காவது கொடுக்கும் நாள் வந்தால் அதையும் சேர்த்தே கொடுங்கள்.